அளவுக்கோட்டு பாட்டிலும் எடை மெஷினும்: சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்திலிருந்து கழிவையும் நீரையும் மெஷின் மூலம் பிரித்தெடுக்கும் டயாலிசிஸில் இருப்பவருடைய வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் என்று தனியாக எந்தக் கடையிலும் அலமாரி கிடையாது. பாத்திரக் கடையில் ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் ஒன்று, எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒன்று என்று நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்த்தவற்றுள் என் கணவர் அன்றாடம் பயன்படுத்தும் இரண்டு பொருள்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒன்று, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய, அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். மற்றொன்று, புதுச்சேரி நேரு வீதியில் வாங்கிய, ஏறி நின்று எடை பார்க்கும் எலக்ட்ரானிக் மெஷின். இரண்டும் நல்ல பொருள்கள்தாம். ஆனால் கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எடை மெஷினை வாங்குங்கள் என்பதே என் முடிவு. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் கணவருக்கு நீண்ட கால நீரிழிவாலும் ரத்தக்கொதிப்பாலும் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். எனக்கும் சர்க்கரை இருப்பதால் என் சிறுநீரகத்தைக் கொடுக்க டாக்டர்கள் சம்மதிக்கவில்லை. எனவே மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் மனமுவந்து தரும் சிறுநீரகத்துக்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனை வழியாகப் பெயர் பதிந்து காத்திருக்கிறோம். அழைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத இந்தக் காலத்தில், நம் கையில் இருக்கிற காரியங்கள் மிகச் சிலவே. உடம்பில் நீர் சேராமல் பார்த்துக்கொள்வது அவற்றில் முதன்மையானது.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு எங்கள் நெஃப்ராலஜி (சிறுநீரக) டாக்டர் சொன்ன கணக்கு எளிமையானது: முந்தைய நாள் முழுவதும் கழிந்த சிறுநீரின் அளவோடு 500 மில்லி லிட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த 500 என்பது மூச்சிலும் வியர்வையிலும் மலத்திலும் உடல் இழக்கிற நீருக்கு ஈடாக ஏறத்தாழ விடப்படுகிறது. சில மருத்துவர்கள் 750 என்று சொல்வதும் உண்டு. என் கணவருக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 200 மில்லி சிறுநீர் வருகிறது. ஆகவே அவருக்கு 700. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும், டயாலிசிஸ் தொடங்கிச் சில மாதங்களில் சிறுநீர் குறையக் குறைய மாறும். எனவே 24 மணி நேரச் சிறுநீரை அவ்வப்போது பிடித்து அளந்து, டாக்டரிடம் சொல்லி, அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அவரவர் டாக்டர் சொன்ன எண்தான் அவரவர்க்கு உரியது. எங்கள் 700-ஐ யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாட்டிலை நாங்கள் பயன்படுத்தும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முறை தெரியாமல் வாங்கினால் அது மற்றொரு தண்ணீர் பாட்டிலாகவே கிடக்கும். காலையில் எழுந்ததும் பாட்டிலில் 700 கோடு வரை தண்ணீர் நிரப்பி, சாப்பாட்டு மேசையில் அவர் கண்ணுக்கு எதிரே வைத்துவிடுவோம். அன்றைக்கு அவருக்கு உரிய நீர் முழுவதும் அந்தப் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது. காபி குடித்தால், அந்தக் காபியின் அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சின்ன டம்ளர் 90 மில்லி பிடிக்கிறது. அவர் காபியைக் குடித்து முடித்ததும் அதே டம்ளரில் பாட்டில் தண்ணீரை நிரப்பி முற்றத்துத் துளசிக்கு ஊற்றுவார். மதியம் ரசம் ஒரு கரண்டி என்றால் அதற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் போகும். மாலையில் மோர், இரவில் மாத்திரைக்கான தண்ணீர் எல்லாமே இப்படித்தான். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

இந்த முறையின் பெரிய நன்மை, எவ்வளவு குடித்தோம் என்று கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் போதும். மாலை 4 மணிக்குப் பாட்டிலில் 300 இருக்கிறது என்றால் மனம் அமைதியாக இருக்கிறது. 80-தான் இருக்கிறது என்றால் அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று முன்கூட்டியே தீர்மானிக்க முடிகிறது. வாயால் சொல்லித் தடுப்பதைவிட இது மேலானது. மனைவியோ மகளோ “போதும், குடிக்காதீங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் வேதனை. நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியத்தைப் பாட்டில் பெருமளவு குறைத்துவிட்டது; இந்த ஒன்றுக்காகவே அதன் விலையைப் போல் பல மடங்கு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அளவுக்கோட்டுப் பாட்டில்களில் பெரும்பாலானவை அதிகமாகத் தண்ணீர் குடிக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. 2 லிட்டர் கொள்ளளவு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காலை 9 மணி, 11 மணி என்று நேரம், இன்னும் குடி, நிறுத்தாதே என்பது போன்ற ஊக்க வாசகங்கள் என்று இருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு அவை நல்லவையாக இருக்கலாம். 700 மில்லியில் நாளைக் கடத்தப் பாடுபடுகிற ஒருவருக்கு எதிரே அந்த வாசகங்களை வைப்பது கொடுமை. உறவினர்கள் அன்போடு வாங்கி வந்தாலும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எவர்சில்வர் பாட்டிலும் உதவாது, உள்ளே நீர் நிற்கும் மட்டம் தெரியாது. நிறமற்ற, ஒளி ஊடுருவுகிற, 1 லிட்டருக்கு மிகாத பாட்டில்தான் வேண்டும்.

கோடுகள் மேலே அச்சிடப்பட்டிருக்கின்றனவா, பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அச்சிட்ட கோடுகள் நாரும் சோப்பும் பட்டுச் சீக்கிரம் அழிந்துவிடும். எங்களுடையது புடைப்புக் கோடு. அதனால் எத்தனை முறை தேய்த்தாலும் அப்படியே இருக்கிறது. ஆனால் கோடுகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. 1 மில்லி லிட்டர் தண்ணீரின் எடை 1 கிராம் என்பதால் இதைச் சோதிப்பது சுலபம்: காலிப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். எங்கள் பாட்டிலில் 300-க்கு மேல் உள்ள கோடுகள் ஏறக்குறையச் சரியாக இருந்தன. 100 கோட்டில் மட்டும் 120 கிராம் தண்ணீர் நின்றது. அடிப்பாகம் வளைந்திருப்பதால் அங்கே கோடு பிசகியிருக்கிறது. நாள் முழுவதற்கும் 700 என்று இருப்பவருக்கு 20 மில்லி என்பது ஒரு வாய்த் தண்ணீர். சரியான 100-க்கு நாங்கள் கறுப்பு மார்க்கரால் வேறு கோடு போட்டுக்கொண்டோம். பொருளின் மீது எனக்கிருக்கும் ஒரே குறை இதுதான்.

அதே தராசில் வீட்டுப் பாத்திரங்களையும் அளந்து வைத்துக்கொள்வது அவசியம். ஒரு டம்ளர் என்று எல்லாரும் சொல்கிறோமே தவிர, எங்கள் வீட்டிலேயே 90, 150, 220 என்று மூன்று அளவில் டம்ளர்கள் இருந்தன. ரசக் கரண்டி 70 பிடித்தது. பாயசக் கிண்ணம் 130. எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு டயட்டீஷியன் சொன்ன விதி, அறை வெப்பத்தில் ஊற்றினால் ஓடுகிற எதுவும் நீர் என்பது. தண்ணீர், காபி, பால், மோர், ரசம், கஞ்சி, கூழ், பாயசம், ஐஸ்கிரீம், ஐஸ்கட்டி எல்லாம் இதில் அடங்கும். தயிரையும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். சோற்றிலும் இட்லியிலும் நீர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைக் கருத்தில் கொண்டுதான் அளவே வகுக்கப்பட்டிருப்பதால் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. தர்ப்பூசணியும் வெள்ளரியும் வேறு விஷயம். அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

இத்தனையும் செய்தாலும், பாட்டில் சொல்வது வாய்வழி உள்ளே போனதாக நாம் கணக்கு வைத்ததை மட்டுமே. உடம்பில் உண்மையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எடை மெஷின்தான் சொல்லும். 1 லிட்டர் நீர் 1 கிலோ. நேற்றுக் காலைக்கும் இன்று காலைக்கும் இடையே ஒருவருக்கு 1 கிலோ கூடியிருந்தால் அது சதையும் அல்ல, கொழுப்பும் அல்ல. ஒரே நாளில் அப்படி ஏறக்கூடியது நீர் ஒன்றே.

டயாலிசிஸ் யூனிட்டில் ட்ரை வெயிட் என்று ஓர் எண்ணைக் குறித்து வைப்பார்கள். அதிகப்படியான நீர் எதுவும் இல்லாமல், பிபி சீராக, கால் வீக்கமோ மூச்சு வாங்கலோ இல்லாமல் அந்த நோயாளி இருக்க வேண்டிய எடை அது. என் கணவருக்கு 56 கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே கூடுகிற எடை, ட்ரை வெயிட்டில் 4 முதல் 4.5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். 56 கிலோவுக்கு அது ஏறத்தாழ 2.2 முதல் 2.5 கிலோ. இன்னொரு வரம்பும் உண்டு. டயாலிசிஸ் மெஷின் ஒரு மணி நேரத்தில் உடம்பிலிருந்து எடுக்கும் நீர், ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் போகாமல் இருப்பது இதயத்துக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். 56 கிலோவையும் 13-ஐயும் நான்கு மணி நேரத்தையும் பெருக்கினால் சுமார் 2.9 லிட்டர் வருகிறது. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு போனால், ஒன்று நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது வேகமாக எடுக்க வேண்டும். வேகமாக எடுத்தால் பிபி சட்டென்று இறங்கும், கெண்டைக்கால் தசை சுருட்டிப் பிடிக்கும், அன்று முழுவதும் எழுந்து நடமாட முடியாத சோர்வு வரும். யூனிட்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறியதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். டெக்னீசியன் தம்பி அவருக்குக் காலை நீவிவிட்டபடியே, “அய்யா, நாலரை கிலோ ஏத்திக்கிட்டு வந்தா உடம்பு எப்படித் தாங்கும்” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியில்தான் எங்களுக்கு மெஷின் மிகவும் பயன்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எடை என்ன என்று தெரிந்தால், அன்றைய மதியச் சாப்பாட்டை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். யூனிட்டில் திங்கள் காலை ஏறி நிற்கும்போது மட்டுமே தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எடை கூடுவதோடு முகம் வீங்குதல், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை சேர்ந்துகொண்டால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நாங்கள் வாங்கிய மெஷின் 180 கிலோ வரை தாங்கும், 100 கிராம் வித்தியாசத்தைக் காட்டும். எண்கள் பெரிதாக, பின்னொளியோடு இருப்பதால் சர்க்கரையால் பார்வை மங்கிய என் கணவரும் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுகிறார். மேல்பரப்பு கெட்டிக் கண்ணாடி. ஈரக்காலோடு ஏறினால் வழுக்கும், ஆகவே குளியலறைக்குள் வைக்கக் கூடாது. வைக்கும் தரையும் முக்கியம். எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை ஆங்காங்கே தாழ்ந்திருக்கிறது. அங்கே வைத்து ஏறினால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. டைல்ஸ் போட்ட படுக்கையறை மூலையில் வைத்து, அந்த இடத்தை விட்டு நகர்த்தாமல் இருந்த பிறகுதான் எண்ணை நம்ப முடிந்தது. காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், ஒரே விதமான லுங்கி பனியனோடு ஏற வேண்டும். புதுச்சேரி யூனிட்டில் இருக்கும் மெஷினுக்கும் எங்களுடையதற்கும் 300 கிராம் வித்தியாசம் இருக்கிறது. அது பெரிய குறையன்று. வித்தியாசம் எப்போதும் அதே 300-ஆக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, எங்களுக்கு அப்படித்தான் இருந்துவருகிறது.

விலை மலிவான சில மெஷின்களில் ஒரு குறைபாடு உண்டு. முதல் தடவை காட்டிய எடையை அது நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சிறிய வித்தியாசம் இருந்தாலும் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். பார்ப்பவருக்கு மெஷின் மிகத் துல்லியமானது என்று தோன்றும். 200 கிராம் வித்தியாசம் முக்கியமாக இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. அதேபோல, கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, உடம்பில் நீர் எத்தனை சதவீதம் என்றெல்லாம் செல்போனில் காட்டும் விலையுயர்ந்த மெஷின்களை வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். அந்த நீர் சதவீதம் பாதங்களின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, ஆரோக்கியமானவர்களின் உடலமைப்பை வைத்து ஊகிக்கப்படும் எண். டயாலிசிஸ் நோயாளியின் உடலில் நீர் இருக்கும் நிலையே வேறு என்பதால், அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அவ்வகை மெஷினில் ஏறவே கூடாது. எடையை மட்டும் காட்டும் சாதாரண மெஷினே போதும், அதுவே நல்லது.

எடை மெஷினை முதலில் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் உப்பு. ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்து விருந்துக்குப் போயிருந்தோம். பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய், அளவு தவறாமல்தான் என் கணவர் குடித்தார். ஆனால் இலையில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வத்தக்குழம்பு எல்லாம் இருந்தன. மறுநாள் விடிந்ததிலிருந்து அவருக்குத் தாகம் அடங்கவே இல்லை. மதியத்துக்குள் பாட்டில் காலி. அதற்கும் அடுத்த நாள் காலை மெஷின் வழக்கத்தைவிட இரு மடங்கு ஏற்றத்தைக் காட்டியது. உப்பு ரத்தத்தில் சேர்ந்தால் மூளை தாகத்தைத் தூண்டுகிறது. அந்தத் தாகத்தை மன உறுதியால் மட்டும் வெல்ல எவராலும் இயலாது. உடம்பின் நீரில் உப்பு இருக்கும் விகிதத்தைப் பார்த்தால், ஏறத்தாழ 9 கிராம் உப்பு 1 லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது நோயாளியை வதைப்பதாகும். உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பைப் பரிந்துரைக்கிறது. அது ஒரு சிறு தேக்கரண்டி. தினமும் எடையைக் குறிக்கத் தொடங்கிய பிறகு, எந்தச் சாப்பாட்டுக்கு அடுத்து எடை ஏறுகிறது என்பது எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது. கடலூர் முதுநகர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த மனிதர் அவர். கருவாட்டுக் குழம்பை விடச் சொன்னபோது டாக்டரிடம் வாதாடினார். நோட்டிலிருந்த எண்களைப் பார்த்த பிறகு தாமாகவே விட்டுவிட்டார்.

உப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புப் பாக்கெட்டுகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். அந்த உப்பு வீட்டுக்குள் வரவே கூடாது. இந்துப்பு நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், தாகத்தில் எந்த வேறுபாடும் இராது. புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம், ரெட்டிச்சாவடி என்று வழிநெடுக இளநீர்க் கடைகள் உள்ளன. டயாலிசிஸ் முடிந்து களைப்போடு திரும்பும்போது ஓர் இளநீர் குடித்தால் தெம்பாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. அதில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்தே இருக்கின்றன. பண்ருட்டிப் பலாவும் அப்படித்தான். 100 கிராம் சுளையில் ஏறத்தாழ 450 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு.

தாகத்துக்கு எங்களுக்குக் கைகொடுத்த மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது: சின்னக் குழிகள் உள்ள சிலிக்கான் ஐஸ் தட்டு. ஒரு கட்டி 15 கிராம், அதாவது 15 மில்லி. 15 மில்லித் தண்ணீர் வாயில் ஊற்றிய கணமே போய்விடும். அதே நீர் கட்டியாக இருந்தால் நிதானமாகக் கரைகிறது, வாயின் வறட்சி நீங்குகிறது. காலையில் 700-லிருந்து 90 மில்லியை எடுத்து ஆறு கட்டிகளாக உறைய வைத்துவிடுவோம். கடலூரில் அக்கினி நட்சத்திர நாள்களின் புழுக்கத்தில் இதைப்போல் உதவியது வேறொன்றும் இல்லை. வெயில் காலத்தில் வியர்வை அதிகம் என்று நாமாகவே அளவைக் கூட்டிவிடக் கூடாது. எடை குறைவாக ஏறுகிறது என்று நோட்டு காட்டினால் டாக்டரே கூட்டித் தருவார். மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தயிர்சாதத்தோடு விழுங்குவதால் மட்டும் கணிசமான தண்ணீர் மிச்சமாகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் தாகம் அதிகரிக்கும் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

இந்தப் பொருள்களையெல்லாம் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் ஒருவருடைய கண்ணால் பார்க்கும்போதுதான் அவற்றின் முழு மதிப்பு தெரிகிறது. உடம்பில் நீர் தேங்கித் தேங்கி வடிந்தால் இதயத்தின் சுவர் தடித்து, அதன் பம்பு செய்யும் திறன் குறைந்துகொண்டே வரும். பட்டியலில் பெயர் இருந்தாலும் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனை சரியில்லை என்றால் அறுவைக்கு மயக்க மருந்து டாக்டர் ஒப்புதல் தர மாட்டார். தமிழ்நாட்டில் 2008 முதல் முறையாக நடந்துவரும் மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டத்தை இப்போது டிரான்ஸ்டான் என்ற ஆணையம் நடத்துகிறது. முறை வந்தால் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் அழைப்பார்கள். எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவத்தில் வைத்திருந்தாலும், நேரம் ஆக ஆக அதன் தரம் குறையும். கடலூரிலிருந்து சென்னைக்குப் போகவே நான்கு மணி நேரம் வேண்டும். அந்த அவசரத்தில், ட்ரை வெயிட்டுக்கு மேல் மூன்று கிலோ நீரோடும் ஏறிய பொட்டாசியத்தோடும் போய் நின்றால், அறுவைக்கு முன் ஒரு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரம் கிடைக்குமா என்பது அப்போதைய நிலைமையைப் பொறுத்தது. ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டோரை அழைத்து வைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், நாம் தயாராக இல்லையென்றால் அது அடுத்தவருக்குப் போய்விடும். எடை எழுதிய நோட்டை ரிப்போர்ட்டுகளுடன் ஒரே பையில் வைத்திருக்கிறோம். கடைசி டயாலிசிஸ் எப்போது, இன்று காலை எடை என்ன என்று போனிலேயே கேட்டால், உடனே பதில் சொல்ல முடியும்.

மாற்று அறுவைக்குப் பிறகு கணக்கு தலைகீழாக மாறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியபின், பொதுவாக ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் வரை குடிக்கச் சொல்வார்களாம். அப்போதும் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எடையையும் தினமும் எழுதியாக வேண்டும் என்பதால் இந்தப் பொருள்கள் வீணாகப் போவதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பதே வழக்கமாகிவிட்ட ஊரில், ஒருவருக்கு மட்டும் தண்ணீரை அளந்து கொடுப்பது எல்லாருக்கும் மனத்தை உறுத்துகிற காரியம். என் மாமியார் தொடக்கத்தில், “பெத்த புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதாம்மா” என்று என்னிடம் கண்கலங்கியிருக்கிறார். இப்போது காலையில் பாட்டிலை 700 கோடு வரை நிரப்பி வைப்பது அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாட்டிலைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, கோட்டைப் பார்த்துத்தான் மூடுவார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பாட்டிலின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிடும், எடை மெஷினுக்கு ஆயிரத்தைச் சுற்றி ஆகும். எடை மெஷினை ஆன்லைனில் வாங்குவதைவிட நேரில் போய் வாங்குவதையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். வெறுங்கையோடு ஒரு முறை ஏறி இறங்குங்கள். பிறகு அரை லிட்டர்த் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அரை கிலோ கூட வேண்டும். அடுத்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். இதில் ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டால் அடுத்த மெஷினை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி தீரும் தறுவாயில் சில மெஷின்கள் எடையைத் தவறாகக் காட்டும்.